கருஞ்சேற்றில் என்ன இருக்கிறது?

கொச்சியில் தோப்பும்படிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடையே பரந்திருக்கும் வேம்பநாட்டுக் காயலின் அடிச்சேற்றைச் சற்றே கிளறினால், கன்னங்கரிய மண்ணும் கூமுட்டை நாற்றமும் மேலெழும். மட்டாஞ்சேரியைக் காண வருவோர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் இத்தகைய கருஞ்சேற்றை உடலெங்கும் பூசிக்கொள்வதற்காகவே, சாக்கடலுக்கும் ருமேனியாவின் தெகிர்கியோல் உப்பேரிக்கும் பயணிகள் பணம் செலவழித்துச் செல்கின்றனர்.

இவ்விடங்களிலெல்லாம் கருமைக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. ஆக்சிஜன் எட்டாத சேற்றுக்குள் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள், உப்புநீரில் கரைந்துள்ள சல்பேட்டை (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) ஆக்சிஜனுக்கு மாற்றாகச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடுகின்றன. நாற்றம் தரும் அவ்வாயு மண்ணிலுள்ள இரும்போடு கூடிக் கரிய இரும்பு சல்ஃபைடாகிறது. இவ்வுயிரிகளை டச்சு அறிஞர் பெய்யரிங்க் 1895இல் இனங்கண்டார்.

நிறம் மருந்தாகாது. சேற்றுச் சிகிச்சையில் உறுதியாகச் சொல்லத்தக்கது அதன் சூடுதான்: குழம்பிய நீர்போலச் சுழன்றோடாமல் கெட்டியாக நிற்பதால், சூடான களியைப்போல அது மெல்ல ஆறி, மூட்டுகளுக்கு நெடுநேரம் வெப்பம் தருகிறது. மூட்டுத் தேய்மான வலி ஓரளவு தணிவதாகச் சில ஆய்வுகள் கூறினும், தம்மேல் பூசப்பட்டது சேறா வேறொன்றா என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைத்துச் சோதிப்பது கடினமாதலால், அம்முடிவுகளை எச்சரிக்கையோடே ஏற்க வேண்டும். கடல்மட்டத்திற்குச் சுமார் 430 மீட்டர் கீழே கிடக்கும் சாக்கடலில் சொரியாசிஸ் தணிவதற்கான பெருமையும் சேற்றைவிட வெயிலுக்கே உரியது; அங்கே காற்றடுக்கு கூடுதல் தடிப்பாக இருப்பதால், தோலைச் சுட்டெரிக்கும் புற ஊதாக் கதிர்கள் ஓரளவு வடிகட்டப்படுகின்றன.

கொச்சிக் காயலுக்குச் சாக்கடலைப்போல நிலையான உப்பும் கிடையாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு உப்பைச் சாக்கடல் ஆண்டு முழுதும் தாங்கியிருக்க, காயலோ கோடையில் கரித்து, தென்மேற்குப் பருவமழையில் ஆறுகள் பெருகியதும் ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது. இச்சேற்றைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த அதனினும் பெரிய தடை, ஏலூர்ப் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து பெரியாற்று வழியே வந்து படிந்த துத்தநாகமும் காட்மியமும் ஆகும். இவற்றைக் கரையவிடாமல் பிடித்துவைப்பதும் அந்தக் கரிய சல்ஃபைடே என்பது வியப்பு. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை உருவாக்கினார்; இன்றும் கப்பல்களுக்காகத் தூர்வாரும்போதெல்லாம் சேறு ஆக்சிஜனைச் சந்திக்க, சல்ஃபைடு சிதைந்து, கட்டுண்ட உலோகங்களில் ஒரு பகுதி மீண்டும் நீரில் கலக்க வாய்ப்பாகிறது.