ஏன் அவளுக்கே மறுபடியும்?

குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிற்காலத்திலும் அதே கொடுமையைச் சந்திக்கிறார்கள். 80 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பீடு சொல்லும் விகிதம் 47.9 சதவீதம். இதற்கு ஊர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: "அவ நடத்தை அப்படி." ஆய்வுகள் காட்டுவது வேறு.

அமெரிக்க உளவியலாளர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம், 1967–71இல் வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவேட்டில் இடம்பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஒப்பீட்டுக்கு, வயதும் குடும்ப நிலையும் ஒத்த வேறு குழந்தைகளை எடுத்துக்கொண்டார். பெரியவர்களான பின் நினைவிலிருந்து சொன்ன கதைகளை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை என்பதுதான் இதன் பலம். 2008இல் வெளியான முடிவின்படி, பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மட்டுமல்ல, அடிபட்டு வளர்ந்தவர்களுக்கும் கவனிப்பாரற்று வளர்ந்தவர்களுக்கும்கூட வாழ்நாளில் மறுபடி பாதிக்கப்படும் அபாயம் அதிகம். சோறு போடாத, ஏனென்று கேட்காத வீடும் இந்தக் கணக்கில் வருகிறது.

காரணம் என்ன? ஆபத்தே வீட்டுக்குள் இருந்தால் குழந்தையின் உடல் எந்நேரமும் பதற்றத்தில் இருக்கும். இரவெல்லாம் குரைக்கும் நாய் திருடன் வரும்போது குரைத்தாலும் யாரும் எழுந்து பார்ப்பதில்லை அல்லவா? அதுபோல உள்ளெச்சரிக்கை பயனற்றுப் போகிறது. சிலருக்கு உணர்வே மரத்துவிடுகிறது. நடப்பது தனக்கல்ல என்பதுபோல மனம் விலகி நின்றுகொள்கிறது.

"கத்தியிருக்கலாமே" என்பவர்களுக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு பதில் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்காக அங்குள்ள சிறப்பு மருத்துவ மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. தாக்குதலின்போது கை கால் அசைக்க முடியாமல் உறைந்துபோனதாக 70 சதவீதம் பேர் கூறினர். முன்பே அதிர்ச்சி அனுபவம் உள்ளவர்களிடம் இது இன்னும் கூடுதல். உறைவது சம்மதமல்ல, உடலின் அனிச்சையான எதிர்வினை.

இத்துறை ஆய்வாளர்கள்மீது எனக்கொரு குறை உண்டு. பாதிக்கப்பட்டவரின் மனதைத் துருவிய அளவுக்கு, ஆதரவற்றவராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குற்றவாளியை அவர்கள் ஆராயவில்லை. சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடியவர், பிறரை அண்டிப் பிழைப்பவர் யார் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

யாராவது உங்களிடம் மனம் திறந்தால் "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். பழிச்சொல் கேட்டவர்களின் மன உளைச்சல் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவில் உதவிக்கு, குழந்தைகள் 1098 எண்ணையும் பெண்கள் 181 எண்ணையும் அழைக்கலாம்.