மூடியைத் திற!

படிப்பகத்து வாசலில் ஒரு மாலை நேரம். கார் தொழிற்சாலையில் பணிபுரியும் இளந்தோழர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணைப் பறிக்கும் சிவப்பு வண்டி. கதவுகள் கழுகின் சிறகுபோல் மேலெழுகின்றன.

"சைபர்ஸ்டர் என்று பெயர். எம்.ஜி. கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். மின்சாரத்தில் ஓடுகிறது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.2 விநாடி போதுமாம்!" என்றார், தாமே செய்து முடித்த பெருமிதத்தோடு.

அருகே அமர்ந்திருந்த முதிய தோழர், பட்டறையிலே பாதி வாழ்நாளைக் கழித்தவர், கேட்டார்: "வேகம் இருக்கட்டும் தம்பி. மூடியைத் திறந்தால் உள்ளே என்ன தெரியும்?"

"அதை நாம் ஏன் அண்ணே திறக்க வேண்டும்? கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான்!"

"அங்கேதான் தம்பி, உன் புது வண்டி என் பழைய வண்டியிடம் தோற்கிறது!"

கூடியிருந்தோர் சிரித்தனர். ஒருவர் மட்டும் என் பக்கம் திரும்பி, "பழமை ஒழிக என்று மேடையில் முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் பழைய காருக்குப் பல்லாண்டு பாடுகிறோமே, இது என்ன நியாயம்?" என்று குத்தினார்.

சிரிப்பு அடங்கிற்று, கேள்வி அடங்கவில்லை. அதற்குரிய பதிலைத்தான் இன்று எழுதுகிறேன், தோழர்களே!

முதலில் புதுமைக்குரிய மதிப்பைப் புதுமைக்குத் தந்துவிடுவோம். நேர்மை அதைத்தான் கேட்கிறது. எம்.ஜி. என்றதும் மூன்றாவது எழுத்தைத் தேடாதீர்கள்; இது இங்கிலாந்து நாட்டு ஆக்ஸ்போர்டு நகரின் 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம்! அந்த எம்.ஜி. 1962-ல் 'எம்.ஜி.பி.' என்றொரு ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. 1798 சி.சி. இன்ஜின், 95 குதிரைத் திறன். மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏறத்தாழ 12 விநாடி எடுத்துக்கொள்ளும். இன்று அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் சாதாரணக் கார்கூட அதை முந்திவிடும். மழை பெய்தால் கூரைத் துணி ஒழுகும். நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும். புகையோ சொல்லி முடியாது. மோதினால் காக்கும் காற்றுப்பை கிடையாது. இன்று நம் உயிரைக் காக்கும் மூன்று முனை இருக்கைப் பட்டையை, 1959-ல் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் படைத்தார். அந்த நிறுவனமோ, "உயிர் காக்கும் பொருளுக்குப் பூட்டு எதற்கு?" என்பது போலக் காப்புரிமையைப் பிறருக்கும் திறந்துவிட்டது. அத்தகைய புதுமையை வேண்டாம் என்பவன் பழமைவாதியல்லன், பைத்தியக்காரன்!

வேகத்திலே தோற்றது, வசதியிலே தோற்றது, பாதுகாப்பிலே தோற்றது. அப்படியிருந்தும் பழைய வண்டிக்குக் காதலர் கூட்டம் குறையவில்லையே, ஏன்?

எம்.ஜி. கார்கள் பிறந்த ஊர், ஆக்ஸ்போர்டுக்கு அருகே உள்ள ஆபிங்டன். 1929-ல் தொழிற்சாலை அங்கே குடியேறிற்று. போர் முடிந்த 1945-ல் 'டி.சி.' என்ற வண்டியை அங்கே செய்தார்கள். உடலின் சட்டம் மரத்தால் ஆனது. இன்ஜின் 1250 சி.சி. 1949-க்குள் பத்தாயிரம் வண்டிகள் பிறந்தன. அமெரிக்காவிலே சாலையின் வலப்புறம் செல்வார்கள். அங்கு அனுப்பப்பட்ட டி.சி.க்கும் ஸ்டியரிங் வலப்பக்கமே இருந்தது. அமெரிக்கச் சாலைக்குப் பொருந்தாத வண்டி! ஆனாலும் அமெரிக்கன் ஆசையோடு வாங்கினான். பெரிய பெரிய கார்களைக் கண்டு சலித்தவனுக்கு, அந்தச் சின்னஞ்சிறு வண்டி அவன் கையிலே ஒரு வேலையைத் தந்தது. கியரை அவன் மாற்ற வேண்டும். வளைவை அவன் கணிக்க வேண்டும். தவறினால் தவறு அவனுடையது, தேறினால் வெற்றியும் அவனுடையது!

எம்.ஜி.பி.யும் அதே குணம். ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. ஸ்டியரிங்குக்கு உதவி விசை கிடையாது. சாலையின் மேடும் பள்ளமும் உள்ளங்கைக்குச் சேதி சொல்லும். மூடியைத் திறந்தால் இரண்டு கார்புரேட்டர்கள் எதிரே நிற்கும். அவ்விரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். சரிபார்க்க என்ன கருவி? ஒரு துண்டு ரப்பர் குழாய்! ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும் வரை திருகைத் திருப்புவான் தொழிலாளி. காதுதான் அளவுகோல்! கைதான் கணிப்பொறி! அனுபவம்தான் பட்டம்!

இது ஏதோ வெள்ளைக்காரன் வீட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். டிரயம்ப் நிறுவனம் 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. எதன் மீது கட்டினார்கள்? 'ஹெரால்டு' என்ற குடும்பக் காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதன் மீது கட்டினார்கள். அந்த ஹெரால்டைச் சென்னைக்கு அருகே, வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியிலிருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில், 1961 முதல் நம் தொழிலாளர்கள் தம் கையால் செய்தார்கள். சீமைப் பந்தய வண்டிக்குப் பெருங்களத்தூரில் ஓர் உடன்பிறப்பு!

அந்த இரண்டு வண்டிக்கும் ஒரு சிறப்பு உண்டு. மூடி மட்டுமல்ல, இரு பக்க மட்கார்டுகளோடு முன்பகுதி முழுவதுமே முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். இன்ஜின் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும். முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நம் முதிய தோழர் தொழில் கற்றது அப்படி உட்கார்ந்துதான். "ஒளிவு மறைவே கிடையாது தம்பி. பார்த்துப் பார்த்தே படித்துவிட்டேன்" என்றார்.

அம்பாசடர் மட்டும் என்ன? 1955-ல் வந்த 'எம்.ஜி.ஏ.' என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கும், பல்லாண்டுக் காலம் நம் தெருக்களில் ஓடிய அம்பாசடருக்கும் ஒரே குடும்பத்து 1489 சி.சி. இன்ஜின். லண்டன் சீமான் பெருமையடித்த இன்ஜினின் பங்காளியை, நம்மூர் மெக்கானிக் புளியமரத்தடியிலே பிரித்துப் போட்டுப் பூட்டினான். எந்தக் கல்லூரி கற்றுத் தந்தது அவனுக்கு? திறந்த மூடி கற்றுத் தந்தது!

"பழைய காரை ஏழையா வைத்திருக்கிறான்? கோடீசுவரன் அல்லவா வாங்குகிறான்?" என்பார் உண்டு. உண்மைதான். 1962-ஆம் ஆண்டு ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று, 2018-ல் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இத்தகைய விலை கொடுத்து வாங்கி இருட்டறையில் பூட்டி வைப்பவன் காரை நேசிக்கவில்லை, காசை நேசிக்கிறான்! எம்.ஜி.பி.யின் கதையோ வேறு. ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி அது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரியரும், அச்சுத் தொழிலாளியும், ஓய்வுபெற்ற ஃபிட்டரும் கையில் கிரீசோடு அதன் அடியிலே படுத்துக் கிடக்கிறார்கள். நான் பேசுவது அந்த நேசத்தை!

இனி, குத்திக் கேட்ட தோழருக்குப் பதில். நாம் வெறுக்கும் பழமை எது? கேள்வி கேட்காதே என்னும் பழமை! உள்ளே நுழையாதே என்னும் பழமை! கருவறைக்குள் இன்னார்தாம் செல்லலாம் என்று பூட்டு மாட்டிய பழமை! அந்தப் பூட்டை உடைக்கத்தான் 1970-ல் கலைஞர் ஆட்சி சட்டம் செய்தது. நாம் ஆண்டைப் பார்த்து எதிர்ப்பவர்களல்லர். பூட்டைப் பார்த்து எதிர்ப்பவர்கள்!

அந்தக் கண்ணோடு புதிய காரைப் பாருங்கள். மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி. அதற்குள் கணிப்பொறிப் பெட்டி. அதற்கு ஒரு மறைமொழி. அது தெரிந்தவர் கம்பெனியின் ஆள். வண்டிக்கு முழு விலை கொடுத்தவன் வெளியே நிற்கிறான். முப்பது ஆண்டு அனுபவம் கொண்ட தொழிலாளி வெளியே நிற்கிறான். கம்பெனி அர்ச்சகர் மட்டும் உள்ளே செல்கிறார்! இது புதுமையா தோழர்களே? பழைய கருவறைக்குப் புதுப் பெயின்ட் அடித்த கதையல்லவா!

2022-ல் ஜெர்மன் நாட்டு பி.எம்.டபிள்யூ. நிறுவனம், சில நாடுகளில், இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது. கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சந்தா கட்டினால்தான் வேலை செய்யும்! மக்கள் சீறினார்கள், அடுத்த ஆண்டே அந்த முறை கைவிடப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், 2012-லும் 2020-லும், பழுதுபார்க்கும் உரிமைக்காகப் பெருவாரியாக வாக்களித்தது. இந்திய ஒன்றிய அரசும் 2022-ல் இதற்கொரு குழுவை அமைத்தது. அதன் பட்டியலில் மோட்டார் வண்டியும் உண்டு. குழு அமைத்தால் போதுமா? பூட்டு திறக்க வேண்டாமா?

"மின்சாரக் காரைத் தெரியாதவன் தொட்டால் உயிர் போகுமே!" என்பார்கள். போகும்தான். ஆகவே கற்றுக் கொடு என்கிறோம். விலக்கி வை என்பதா அதற்குப் பதில்? மின் மோட்டாரில் அசையும் உறுப்புகள் குறைவு. பெட்ரோல் இன்ஜினைவிட எளிய பொறி. மறைமொழிப் பூட்டு விஞ்ஞானத்தின் கட்டளையல்ல, வியாபாரத்தின் கட்டளை!

புதுமையும் நேசமும் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு ஹிரோஷிமாவே சாட்சி. அங்குள்ள மாஸ்டா நிறுவனம், பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களின் இனிமை எதிலே இருக்கிறது என்று ஆராய்ந்து, 1989-ல் 'எம்.எக்ஸ்.5' என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. குதிரையும் வீரனும் ஓருடலாவது போல் காரும் ஓட்டுபவனும் ஒன்ற வேண்டும் என்பது அவர்கள் கொண்ட இலட்சியம். எண்ணெய் ஒழுகலை அவர்கள் காப்பியடிக்கவில்லை. மனிதனுக்கு மரியாதை தரும் குணத்தை எடுத்துக்கொண்டார்கள். 2016-க்குள் பத்து இலட்சம் வண்டிகள் பிறந்துவிட்டன!

ஆபிங்டன் கதையின் முடிவைச் சொல்லவில்லையே. 1979 செப்டம்பரில் அவ்வூர் மக்கள் தொழிற்சாலையின் பொன்விழாவைக் கொண்டாடினார்கள், கொடி கட்டினார்கள், ஊர்வலம் நடத்தினார்கள். மறுநாள் திங்கட்கிழமை, 10-ஆம் தேதி, "தொழிற்சாலை மூடப்படும்" என்று முதலாளித் தரப்பு அறிவித்தது! 1980 அக்டோபரில் கதவு சாத்தப்பட்டது. பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் தந்த கைகள் வெறுங்கைகளாயின. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி, இன்று சீன நாட்டு நிறுவனத்தின் உடைமை. இளந்தோழர் காட்டிய சிவப்பு வண்டியில் ஒட்டியிருப்பது அந்தப் பெயர்தான்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி.யின் உடலைப் புதிதாக வார்க்கும் வேலை 1988-ல் தொடங்கிற்று. பிறந்த ஆலை மூடிய பிறகும் வண்டி வாழ்கிறது. வாழ வைத்தது கம்பெனியா? இல்லை. திறந்து பார்த்தவர்கள், கற்றுக்கொண்டவர்கள், கற்றதை அடுத்தவருக்குச் சொன்னவர்கள்! அறிவு பலர் கையிலே இருந்தது. ஆகவே முதலாளி கைவிட்டும் வண்டி சாகவில்லை. இன்றைய பூட்டிய வண்டியை அதன் கம்பெனி கைவிட்டால், யார் வாழ வைப்பார்?

ஆகவே தோழர்களே, வேகமான வண்டி வரட்டும், புகையில்லா வண்டி வரட்டும், வரவேற்போம். ஆனால் பழுதுபார்க்கும் விவரமும் கருவியும் தொழிற்பயிற்சி நிலையத்து மாணவனுக்கும் தெருமுனைப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். சங்கத் தீர்மானங்களிலே கூலிக்கும் போனசுக்கும் பக்கத்தில் இந்தக் கோரிக்கையும் இடம்பெறட்டும்.

அன்று மாலை கலையும்போது, இளந்தோழர் பெரியவரிடம் மெல்லக் கேட்டார்: "அண்ணே, அந்த ரப்பர் குழாய் வித்தையை எனக்குச் சொல்லித் தருவீர்களா?"

"தருகிறேன் தம்பி. பதிலுக்கு உன் மின்சார வண்டியை எனக்குச் சொல்லித் தா!"

அவருக்கு எழுபது வயது. கற்க ஆசைப்படுகிறார். அவர் எதிரே மூடி பூட்டிக் கிடக்கலாமா?