‘இயேசு’ தப்பு, ‘யேஷுவா’தான் கரெக்டா? தமிழில் 450 வருஷமாக ஓடும் பெயர்ப் பஞ்சாயத்து

‘இயேசு’ன்னு கூப்பிடாதீங்க, அது கிரேக்கப் பெயர். ‘யேஷுவா’ன்னு சொன்னாதான் ஜெபம் கேட்கப்படும். ‘கர்த்தர்’னு சொல்றதும் தப்பு, ‘யாவே’தான் சரி... இந்த மாதிரி ஒரு ஃபார்வர்டு உங்கள் ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கலாம். ‘அப்போ நம்ம பாட்டி காலம் பூரா பண்ணின ஜெபம் எல்லாம் வீணா?’ என்று யாராவது ஒருத்தர் கவலையோடு கேட்டும் இருக்கலாம்.

எபிரேய உச்சரிப்பைத் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை. ஆனால் அது மட்டும்தான் செல்லும் என்பதற்கு பைபிளிலும் ஆதாரம் கஷ்டம், தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றிலும் கஷ்டம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யேஷுவா எப்படி இயேசு ஆனார்?

‘யேஷுவா’ என்பது ‘யெஹோஷுவா’ என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம். பழைய ஏற்பாட்டு யோசுவாவும் இதே பெயர்தான். கிரேக்கத்தில் ‘ஷ’ ஒலி இல்லை. ஆண் பெயர்களின் கடைசியில் ‘ஸ்’ வருவதும் அங்கே வழக்கம். அதனால் ‘இயேசுஸ்’ ஆனது. அங்கிருந்து லத்தீன், போர்ச்சுகீசியம் வழியாக வந்ததை நம் ஊர் கத்தோலிக்கர்கள் ‘சேசு’ என்றார்கள்.

இதில் முக்கியமான விஷயம், புதிய ஏற்பாடு நம் கைக்கு வந்திருப்பதே கிரேக்கத்தில்தான். அதை எழுதியவர்களே ‘இயேசுஸ்’ என்றுதான் எழுதினார்கள். யோவான் நற்செய்தி முதல் அதிகாரத்தில் ‘மேசியா’ என்றால் ‘கிறிஸ்து’ என்று விளக்கம் வருகிறது. அடுத்த வசனத்திலேயே ‘கேபா’ என்ற அரமேயப் பெயருக்கு ‘பேதுரு’ என்று அர்த்தம் சொல்கிறது. அதாவது, பெயரை மொழிபெயர்க்கும் வேலையை பைபிளே ஆரம்பித்துவிட்டது.

அந்த நாலு எழுத்து

கடவுளின் எபிரேயப் பெயர் நாலு மெய்யெழுத்து: யோத், ஹே, வாவ், ஹே. பயபக்தியால் யூதர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த இடம் வந்தால் ‘அதோனாய்’ (என் ஆண்டவர்) என்று வாசிப்பார்கள். பின்னாளில் உயிர்க்குறி சேர்த்தபோது, ‘அதோனாய்’க்கான குறிகளை இந்த நாலு எழுத்தோடு சேர்த்து எழுதினார்கள். அதை அப்படியே கூட்டி வாசித்ததில் வந்ததுதான் ‘யெகோவா’. பழைய உச்சரிப்பு ‘யாவே’ என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு.

கிரேக்க மொழிபெயர்ப்பில் இது ‘கீரியோஸ்’ (ஆண்டவர்) ஆனது. தமிழில் ‘கர்த்தர்’, ‘ஆண்டவர்’ என்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆனாலும் மூலப் பெயர் முழுசாகக் காணாமல் போகவில்லை. ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் புராட்டஸ்டண்ட் பைபிள் ‘யேகோவாயீரே’ என்கிறது, கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு ‘யாவேயிரே’ என்கிறது.

யெகோவாவின் சாட்சிகள் இந்தப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார்கள். வாடிகன் நேர் எதிர். வழிபாட்டிலும் பாடல்களிலும் ‘யாவே’ என்று உச்சரிக்க வேண்டாம் என்று 2008-இல் ஆயர்களுக்குக் கடிதமே அனுப்பியது. இரண்டு தரப்பும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: அந்தப் பெயருக்கான மரியாதை.

கொல்லிமலைக்கு மேற்கே வந்த ‘சர்வேசுரன்’

இனி நம் ஊருக்கு வருவோம். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். அண்டிரிக் அடிகளார் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தில் கடவுள் ‘தம்பிரான்’. சைவ மடத் துறவிகளை இன்றும் நாம் அழைக்கும் அதே சொல்!

அடுத்து வந்தவர் ராபர்ட் தெ நோபிலி. 1606-இல் மதுரைக்கு வந்தவர், 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் பயணம் செய்தார். கொல்லிமலைக்குக் கிழக்கே தம்மம்பட்டி என்றால், மேற்கே சேந்தமங்கலம். இவர் எழுத்தில் கடவுள் ‘சருவேசுரன்’, அதாவது எல்லாவற்றுக்கும் ஈசுவரன். போர்ச்சுகீசியச் சொற்களை அப்படியே ஒட்டவைத்தால், ‘இது பரங்கி மதம்’ என்று மக்கள் விலகிப் போவார்கள் என்பது அவர் கணக்கு.

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. ‘எஸ்பிரித்து சான்து’ என்ற போர்ச்சுகீசியச் சொல் ‘இஸ்பிரீத்துசாந்து’ ஆகி, 20-ஆம் நூற்றாண்டு வரை கத்தோலிக்க ஜெபத்தில் இருந்தது. அதற்கு ‘தூய ஆவி’ என்று அர்த்தம் என்பதை யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது.

பராபரனா, தேவனா, கடவுளா?

புராட்டஸ்டண்ட் பக்கமும் இதே கதைதான். 18-ஆம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் பைபிளை மொழிபெயர்த்த ஃபப்ரீசியஸ் எடுத்த சொல் ‘பராபரன்’. தாயுமானவரின் பராபரக்கண்ணி ஞாபகம் வருகிறதா? அதே சொல்தான். பிறகு வந்த மிஷனரிகள் மொழிபெயர்ப்பைத் திருத்தப் போனபோது, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். மக்கள் மனப்பாடமாகச் சொல்லி அழுத, பாடிய சொற்களை வெளியிலிருந்து வந்தவர்கள் ஏன் மாற்ற வேண்டும் என்ற கோபம் அது.

1871-இல் வெளியான பைபிளில் ‘தேவன்’ வந்தார். ‘முப்பத்து முக்கோடி தேவர்களில் ஒருவர் என்று ஆகிவிடாதா?’ என்று அப்போது கேட்டார்கள். 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’. ஆனால் புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலானவை பழைய பைபிளை விடவில்லை. ஒரு காலத்தில் சந்தேகமாகப் பார்க்கப்பட்ட ‘தேவன்’தான் இன்று அவர்களுக்குப் பழகிய புனிதச் சொல்.

இராயப்பன், சின்னப்பன்... இதுவும் மொழிபெயர்ப்பா?

ஆமாம்! பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் ‘ராயி’ என்றால் கல். அப்படி வந்தவர்தான் இராயப்பர் என்பார்கள். லத்தீனில் ‘பவுலுஸ்’ என்றால் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் ‘கடவுள் அருளுடையவர்’, அதனால் அருளப்பர்.

இதில் மாஸ் காட்டியவர் வீரமாமுனிவர். தேம்பாவணியில் யோசேப்பு ‘வளன்’. எபிரேயத்தில் அந்தப் பெயருக்குப் ‘பெருகச் செய்வார்’ என்று அர்த்தம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் தாய் எலிசபெத்துக்காக அழும் கருணையன் நினைவிருக்கிறாரா? அவர் திருமுழுக்கு யோவான். எபிரேய அர்த்தம் அப்படியே இருக்கிறது, சத்தம் மட்டும் தமிழ்.

கோர்ட் வரை போன பெயர்

மலேசியாவில் இந்த விஷயம் நீதிமன்றம் வரை போனது. தமிழிலும் பக்கங்கள் கொண்ட ‘ஹெரால்டு’ என்ற கத்தோலிக்க வார இதழ், அதன் மலாய்ப் பக்கங்களில் கடவுளை ‘அல்லாஹ்’ என்று எழுதியதற்கு அரசு தடை போட்டது. 2014-இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் இதழின் மனுவை ஏற்க மறுத்தது. 2021-இல் வேறொரு வழக்கில், கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்போ அந்த ஃபார்வர்டுக்கு என்ன பதில்?

‘யேஷுவா’ என்று ஜெபிக்க ஒருவருக்குப் பிடித்திருந்தால் ஜெபிக்கட்டும். இயேசு ஒரு யூதர் என்பதை அது ஞாபகப்படுத்தும். பிரச்சினை, ‘நீ சொல்றது செல்லாது’ என்று அடுத்தவரிடம் சொல்லும்போதுதான். ‘சர்வேசுரா’ என்று அழுத பாட்டி, ‘பராபரனே’ என்று பாடிய கொள்ளுத்தாத்தா, ‘கர்த்தாவே’ என்று சொல்லும் அம்மா என எல்லாரையும் அது ஒரே வரியில் தள்ளிவிடுகிறது.

இன்னொன்று. ‘யாவே’ என்று ஒருநாளும் சொன்னதில்லை என்று அந்தப் பாட்டி வருத்தப்பட்டால், ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ‘அல்லேலூயா’ என்பது எபிரேயம். ‘அல்லேலூ’ என்றால் துதியுங்கள். கடைசியில் வரும் ‘யா’, அந்த நாலெழுத்துப் பெயரின் சுருக்கம். ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பாட்டி சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.