இரும்பும் காகிதமும்: ரயில் வரலாற்றைப் பேணுதல்

கிளமெண்டி வட்டாரத்தில், சன்செட் வே அருகே, சுங்கை உலு பாண்டான் கால்வாயின் குறுக்கே பழைய இரும்புப் பாலம் ஒன்று நிற்கிறது. 1960களில் அமைக்கப்பட்ட ஜூரோங் கிளைப்பாதையின் எச்சம் அது. புக்கித் தீமாவில் முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து ஜூரோங் தொழிற்பேட்டை வரை சென்ற அப்பாதை, 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டிலிருந்து நீங்கியது. பாலம் எஞ்சியுள்ளது, அதன்மேல் இன்று மக்கள் நடக்கின்றனர். ஆயினும், பாதை ஏன் இவ்வழியே வளைந்தது, அதை யார் பழுதுபார்த்தனர், எத்தனை வண்டிகள் கடந்தன என்னும் வினாக்களுக்கு இரும்பு விடை சொல்லாது. விடை காகிதத்தில்தான் இருக்கும்.

ரயில் வரலாற்றுக்குச் சான்றாகும் தனியார் ஆவணங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, உயர் அலுவலர்களின் தாள்கள்: கடிதப் படிகள், நில அளவைக் குறிப்புகள், செலவு மதிப்பீடுகள், வரைபடங்கள், ஒளிப்படங்கள். இவை ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும். இரண்டாவது, ஊழியர்களின் தாள்கள்: நியமனக் கடிதம், நன்னடத்தைச் சான்று, பணி நேரப் புத்தகம், ஊருக்கு எழுதிய மடல். அம்முடிவு யாருடைய உழைப்பால் நிறைவேறியது என்பதை இவை காட்டும். ஒன்றின்றி மற்றொன்று பாதி வரலாறே.

சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனரை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய இவர், பின்னர் சிலாங்கூர் அரசின் பொறியாளராகி, 1901இல் மலாய்க் கூட்டு மாநில ரயில்வேயின் முதல் பொது மேலாளரானார். 1909இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் ஜொகூர் வழியான பாதையும் நிறைவுற்றது. அவரைப் போன்றோரின் பெயர் அரசு அறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் பதிவாகியுள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணிபுரிந்த தமிழரின் பெயர்கள் அத்தகைய ஏடுகளில் அரிதாகவே வரும். தமிழகத்திலிருந்து வந்து தண்டவாளத்தைச் செப்பனிட்டவர்களின் பெயர்கள் அதனினும் அரிது. அவர்களைத் தேடுவோர் குடும்பப் பெட்டிகளைத்தான் திறக்க வேண்டும்.

சிங்கப்பூர் தன் ரயில் கட்டடங்களைக் காத்துள்ளது. ஆளுநர் செசில் கிளமெண்டி 1932ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் திறந்துவைத்த தஞ்சோங் பகார் நிலையம், 2011இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சிலைகள் இன்றும் அதன் முகப்பில் நிற்கின்றன. 2011 ஜூன் 30இல் கடைசி ரயில் புறப்பட்டபின், தண்டவாளங்களின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் இன்று பசுமைப் பாதையாக விளங்குகிறது. புக்கித் தீமா நிலையமும் பாதுகாக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டுள்ளது.

ஆயினும், கட்டடத்தைக் காப்பது வேறு. அங்கு நிகழ்ந்த வேலையைக் காப்பது வேறு. புக்கித் தீமாவில் இறுதிவரை நிலவிய ‘டோக்கன்’ முறை இதற்குத் தக்க சான்று. ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் வண்டிகள் மோதாதிருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நேரத்தில் ஒரு டோக்கன் மட்டுமே வெளிவரும். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்னிணைப்பால் ஒன்றையொன்று பூட்டிவைக்கும். டோக்கனைக் கையில் பெறாமல் ஓட்டுநர் அப்பகுதிக்குள் நுழைய இயலாது. நிலையத்தின் சுவர்களைப் பார்ப்பவருக்கு இது புலனாகாது. விதிப்புத்தகமும், பணிக்குறிப்பேடும், பணியாற்றியவரின் வாய்மொழியும் இருந்தால் மட்டுமே அடுத்த தலைமுறைக்கு இது விளங்கும்.

கிளமெண்டி என்னும் பெயருக்கும் இது பொருந்தும். 1887 முதல் 1893 வரை ஆளுநராக இருந்த செசில் கிளமெண்டி ஸ்மித்தை அது குறிக்கிறது என்பர் சிலர். 1930 முதல் 1934 வரை ஆண்ட செசில் கிளமெண்டியைக் குறிக்கிறது என்பர் வேறு சிலர். ஆளுநர்களின் பெயரிலேயே இத்தகைய ஐயம் எழுமாயின், தண்டவாளத் தொழிலாளர் ஒருவரின் வாழ்வு எத்துணை எளிதில் மறையும்!

இங்குத் தமிழாசிரியர்களுக்குத் தனிப்பொறுப்பு உண்டு. ஊழியர் குடும்பங்களின் பழைய மடல்களில் தமிழ் எண்களும், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களும் காணப்படும். கூட்டெழுத்தும் சுருக்கக் குறியீடுகளும் கலந்திருக்கும். இவற்றைத் தடையின்றிப் படிப்போர் குறைந்து வருகின்றனர். படிக்கத் தெரியாத மடலைப் பயனற்றதெனக் கருதி, வீடு மாறும் நாளில் எறிந்துவிடுவது இயல்பு. ஆகவே, பழைய எழுத்தைப் படிக்கக் கற்பிப்பது ஆவணம் காக்கும் பணியின் முதற்படி.

மாணவர்கள் செய்யத்தக்கவை எளியவை. தாள்கள் கட்டப்பட்டிருந்த வரிசையைக் கலைக்கலாகாது. அவ்வரிசையே ஒரு செய்தி. ஒட்டுநாடாவும் பிளாஸ்டிக் உறையொட்டும் தாளைக் கெடுக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒளிப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் குறிக்கலாம். தாளுக்குரிய முதியவர் உடனிருக்கும்போதே அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்வது நன்று. 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தின் வாயிலாக, நம் தேசிய ஆவணக் காப்பகம் இத்தகைய நினைவுகளைப் பல்லாண்டுகளாகத் தொகுத்து வருகிறது. மூலத்தாளைக் கைவிட மனமில்லாத குடும்பத்தினர், அதன் படியையேனும் ஓரிடத்தில் பேணலாம்.

கிளமெண்டியின் இரும்புப் பாலம் துருப்பிடித்தால் வண்ணம் பூசலாம். எறிந்துவிட்ட மடலுக்கு அத்தகைய மருந்து இல்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய பெட்டி இருக்கக்கூடும். இவ்வாரமே அதைத் திறந்து பாருங்கள்.