சிறு விமானத்துக்குப் புதிய சுழல்விசிறி: பயனும் செலவும்

புனே விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 590 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியை எட்டும் நாட்களில் அங்குள்ள காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் இருப்பதைவிடச் சுமார் 14 சதவிகிதம் குறைந்துவிடுகிறது. எஞ்சின், இறக்கை, சுழல்விசிறி ஆகிய மூன்றும் காற்றை நம்பியே இயங்குவதால் மூன்றும் ஒருசேர நலிவடைகின்றன. தனி நபர் தம் கையால் கட்டிய 100 குதிரைத்திறன் விமானத்துக்கு, ஓடுபாதை முடிவதற்குள் தரையைவிட்டு எழ இயலுமா என்ற கேள்வியாகவே இது அமைந்துவிடுகிறது. சுழல்விசிறியை மாற்றும் எண்ணம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

சொந்த முயற்சியில் விமானம் கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னையில் ஹோட்டல் நடத்திய தி ஆஞ்செலிஸ் 1910-லேயே சிம்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைக் கட்டுவித்துப் பறந்து காட்டினார். அண்மைக் காலத்தில், மும்பையில் தம் வீட்டு மொட்டைமாடியில் விமானம் கட்டிய கேப்டன் அமோல் யாதவ் அதை 2016-இல் காட்சிக்கு வைத்து, 2017-இல் அதற்குப் பதிவும் பெற்றார்.

சுழல்விசிறியின் அலகு உண்மையில் சுழலும் இறக்கையே ஆகும். அலகின் சாய்கோணம் குறைவாக இருப்பின் எஞ்சின் எளிதில் முழு வேகத்தை எட்டும். விமானம் விரைவில் மேலெழும். ஆனால் நெடும் பயணத்தில் வேகம் கிட்டாது. கோணம் மிகுதியாயின் நிலைமை தலைகீழாகும். சைக்கிளில் ஒரே பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு மேட்டிலும் சமவெளியிலும் மிதிப்பதற்கு இதை ஒப்பிடலாம். நல்ல சுழல்விசிறி எஞ்சின் ஆற்றலில் 80 முதல் 85 சதவிகிதத்தை உந்துவிசையாக்கித் தரும். எனினும் இது அதற்கென வகுக்கப்பட்ட வேகத்தில் மட்டுமே.

பறக்கும்போதே கோணத்தை மாற்றும் அமைப்பு இதற்கு ஒரு தீர்வு. பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஹன்ஸா-3 பயிற்சி விமானத்தில் ரோட்டாக்ஸ் 914 எஞ்சினுடன் இத்தகைய சுழல்விசிறியே பொருத்தப்பட்டது. ஆண்டு முழுதும் பறக்கும் பயிற்சி விமானத்துக்கு இச்செலவு தகும். ஆண்டுக்கு 50 மணி நேரமே பறப்பவரின் நிலை என்ன? மணிக்கு 20 லிட்டர் எரிபொருளில் 5 சதவிகிதம் மிச்சமாவதாகக் கொண்டாலும் ஆண்டுச் சேமிப்பு 50 லிட்டர்தான். எரிபொருளைக் காரணம் காட்டி விலையுயர்ந்த விசிறி வாங்குவோரின் கணக்கு எனக்கு விளங்குவதில்லை. மேலெழும் ஆற்றலே நோக்கமெனில், தரையில் நிறுத்தி அலகின் கோணத்தைத் திருத்தக்கூடிய எளிய வகையே பலருக்கும் போதும். கோணத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால், பறக்கையில் எஞ்சின் தன் வரம்பைத் தாண்டிச் சுழலும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

நீண்ட அலகைப் பொருத்துவதற்கும் எல்லை உண்டு. 1.7 மீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 2,700 முறை சுழன்றால் அதன் முனை வினாடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க இரைச்சல் பெருகும், திறன் குறையும். இதே விசிறியின் முனையருகே 100 கிராம் துண்டு ஒன்று உடைந்து சிதறினால், ஏறத்தாழ 650 கிலோ எடைக்கு ஈடான விசை எஞ்சினை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புறமாக இழுத்து ஆட்டும். எஞ்சினே அதன் தாங்கிகளிலிருந்து பிய்ந்து போகக்கூடும். மேலும், ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதற்கே உரிய அதிர்வு உண்டு. மர அலகு அதை ஓரளவு விழுங்கிக்கொள்ளும். உலோக அலகு குறிப்பிட்ட சில சுழல்வேகங்களில் தானும் சேர்ந்து அதிரும். ஆகவே, வேறொருவர் விமானத்தில் நன்கு இயங்கியது என்பது போதிய சான்றாகாது.

இக்காரணங்களாலேயே சுழல்விசிறி மாற்றம் சாதாரணப் பழுதுபார்ப்பாகக் கருதப்படுவதில்லை. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்கு மாற்றாக 2025 ஜனவரி முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது; சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் ஒப்புதலுக்கான தேவை இதனால் நீங்கிவிடவில்லை. மூக்குப் பகுதியில் எடை கூடுவதால் விமானத்தின் எடைமையத்தையும் மீண்டும் கணக்கிட வேண்டும். சோதனைப் பறப்பு பொதுவாகக் குளிர்ந்த காலை வேளையில் நடைபெறுகிறது. அன்று அளந்த ஓட்டத் தூரத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வைப்போரும் உளர். மே மாதப் பிற்பகலில் அதே விமானத்துக்கு அதைவிடக் கணிசமான நீளம் தேவைப்படும்.