கல் பார்க்கும் கண்ணும் கருவியும்

இலங்கையின் இரத்தினபுரிக் குழிகளில் தோண்டியெடுக்கும் கற்களில் ஒரு வகையைச் சிங்களத்தில் கெவுடா என்பார்கள். நீலக்கல் எந்தப் பொருளோ அதே குருந்தம்தான் இதுவும். ஆனால் நிறம் வெளிறி, உள்ளே மங்கலாக, நீரோட்டமே இல்லாமல் இருக்கும். நெடுங்காலம் அதை யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். உலையில் 1,500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கியதும், மங்கலுக்குக் காரணமாயிருந்த நுண்ணிய ரூட்டைல் கனிம ஊசிகள் கல்லுக்குள்ளேயே கரைந்தன. அவற்றிலிருந்த டைட்டானியம் அங்கிருந்த இரும்போடு சேர, நல்ல நீலம் பிறந்தது.

விஷயம் தெரிந்ததும் இலங்கை வியாபாரிகள் புதிதாக ஒரு பார்வையையே பழகிக்கொண்டார்கள். கல்லின் பின்னால் டார்ச் அடித்து, மெல்லத் திருப்பிப் பார்ப்பார்கள். சில கற்களுக்குள் எண்ணெய் படர்ந்தாற்போல் ஒரு மஞ்சள் சாயல் ஓடும். அதை 'டீசல்' என்று தனியே ஒதுக்குவார்கள். எந்தக் கல் உலையில் நீலமாகும், எது வெளிறியே நிற்கும், எது வெடிக்கும் என்று ஊகித்து அந்த இடத்திலேயே பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். கணிப்பு தவறினால் நஷ்டம் அவர்களுக்குத்தான். இந்தத் தேர்ச்சிக்கு முன் நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அதே கண் வேறு இடத்தில் தோற்றுப்போகும். பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முன்புறத்தில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற பெரிய சிவப்புக் கல் இருக்கிறது. அது மாணிக்கமே அல்ல, ஸ்பினல் என்ற வேறு கனிமம். நிறத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். எடையை நம்பியவர்கள் முன்பே பிரித்துவிட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிஞர் அல்-பிரூனி, கற்கள் வெளியேற்றும் நீரை நிறுத்து, மாணிக்கத்தைவிட ஸ்பினல் இலேசானது என்று கண்டார்.

இன்று அந்த வேலையை, கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. மேலே உள்ள கனமான கண்ணாடியில் ஒரு சொட்டுத் திரவம் விட்டு, கல்லின் தட்டைப் பட்டையை அதன்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்தால் அளவுகோலின் மேல் நிழல் விழுந்திருக்கும். ஸ்பினல் என்றால் நிழலின் ஓரம் 1.718 அருகே ஒரே கோடாக நிற்கும். மாணிக்கம் ஒளியை இரண்டாகப் பிரிப்பதால், கல்லைத் திருப்பத் திருப்ப 1.762, 1.770 அருகே இரண்டு கோடுகள் தெரியும். நீலக்கல்லைப் பாலில் போட்டால் பால் நீலமாகும் என்று இன்னும் சிலர் சோதித்துக் காட்டுகிறார்கள். நீலக் கண்ணாடித் துண்டைப் போட்டாலும் அதே சாயல் தெரியும். அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. 1902இல் பிரான்ஸின் வேதியியலாளர் வெர்நூயி, அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். அது போலி அல்ல. இயற்கை மாணிக்கத்தின் அதே வேதிப்பொருள். ஆகவே ரிஃப்ராக்டோமீட்டர் அதே எண்களைத்தான் காட்டும். நுண்ணோக்கியின் அடியில்தான் குட்டு உடைகிறது. இசைத்தட்டின் வரிகளைப்போல வளைந்த கோடுகளும், சில கற்களில் வாயுக் குமிழிகளும் தெரியும். மண்ணில் விளைந்த கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணம் மடங்கி ஓடும். பாட்டி காலத்து நகை என்பதால் மட்டும் அதிலுள்ள கெம்பு மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கோடுகளைத் தேடிப் பிடிக்கவும் பழகிய கண்தான் வேண்டும்.

கண்ணும் நுண்ணோக்கியும் சேர்ந்தே திணறிய காலமும் உண்டு. 2001 வாக்கில் தாமரை நிறமும் அந்திச் சிவப்பும் கலந்த பத்பராட்ஷா வகைக் குருந்தக் கற்கள் திடீரென்று சந்தையில் குவிந்தன. தாய்லாந்தில் பெரிலியம் சேர்த்துச் சூடாக்கிய கற்கள் அவை. பத்து இலட்சத்தில் சில பங்கு பெரிலியம் போதும், நிறமே மாறிவிடும். அத்தனை இலேசான தனிமத்தை வழக்கமான எக்ஸ்-கதிர்க் கருவிகளாலும் பிடிக்க முடியவில்லை. லேசரால் மயிரிழை அகலக் குழி பறித்து, எழும் ஆவியின் அணுக்களை நிறுத்துப் பார்க்கும் கருவிதான் உண்மையைச் சொன்னது. அது பெரிய ஆய்வகங்களில் மட்டுமே இருக்கும்.

அப்படியானால் விலை உயர்ந்த நீலமோ கெம்போ வாங்குபவர் என்ன செய்யலாம்? ஆய்வகச் சான்றிதழைக் கட்டாயம் கேளுங்கள். கல் என்ன, இயற்கையா, சூடாக்கியதா என்பது அதில் இருக்கும். ஆனால் ஒரே வாசகத்தோடு சான்றிதழ் பெற்ற இரண்டு நீலங்களில் ஒன்று மற்றதைப் போல் பல மடங்கு விலை போகலாம். அந்த வித்தியாசத்தை, காலை வெளிச்சத்தில் கல்லைத் திருப்பிப் பார்க்கும் அனுபவசாலியிடம்தான் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பின்புறம் தகடு வைத்து மூடிக் கட்டிய நகையில் கல்லை மட்டும் தனியே நிறுக்கவும் முடியாது, ஒளி ஊடுருவிப் பார்க்கவும் முடியாது. பதிக்கும் முன்பே சோதித்துவிடுங்கள்.