மயிரிழையும் மாக்கடலும்

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டியில் மேற்குப் பக்கத்து யன்னலோரம் இடம் கிடைப்பது ஒரு பேறு. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கழியக் கடலும் கூடவே வருகின்றது. கல்கிசையில் இறங்கி வீடு சேர்ந்ததும், "கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்" என்கின்றோம். உண்மையில் நாம் பார்த்தது கடலின் கூரையை மட்டுமே. ஒரு வீட்டின் கூரையைப் பார்த்துவிட்டு, அவ்வீட்டாரைக் கண்டு நலம் விசாரித்து வந்ததாக ஒருவர் கூறினால் நாம் நகைக்க மாட்டோமா?

கல்கிசையிலே குடியிருக்கும் எனக்கு, அந்தக் கூரையின் கீழே சென்று பார்க்க வேண்டும், பார்த்ததைப் பிறருக்கும் காட்ட வேண்டும் என்னும் ஆசை நெடுநாளாக இருந்தது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில், சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய கமரா ஒன்றையும், அதன் அளவுக்கென்றே வார்க்கப்பட்ட நீர்புகாப் பேழை ஒன்றையும் வாங்கினேன். 40 மீற்றர் ஆழம்வரை தாங்கும் என்று பேழையின் மேல் பொறித்திருந்தது. அதைப் படித்தபோது கடல் முழுவதும் எனக்குப் பட்டயம் எழுதித் தரப்பட்டது போன்ற பெருமிதம் உண்டாயிற்று.

அந்தப் பேழையின் அமைப்பு மிக எளியது. தெளிந்த கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆன ஒரு பெட்டி. வில்லைக்கு முன்னே தட்டையான கண்ணாடிப் பலகணி. பின்னே கீலில் திறக்கும் ஒரு கதவு. கமராவின் ஒவ்வொரு பொத்தானுக்கும் நேராகப் பேழையிலும் ஒரு பொத்தான் உண்டு. அதன் தண்டு பேழையைத் துளைத்து உட்செல்லும் இடத்தில் ஒரு நுண்ணிய றப்பர் வளையம் காவல் நிற்கின்றது. கதவைச் சுற்றியுள்ள பள்ளத்திலே பெரிய றப்பர் வளையம் ஒன்று படுத்திருக்கின்றது. காவல் முழுவதும் இவ்வளையங்களின் கையிலேதான். பெட்டியின் உரம் இரண்டாம் பட்சம்.

நீரின் வலிமையை நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். கடலில் 10 மீற்றர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டலத்தின் அமுக்கம் கூடுகின்றது. அதாவது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரின் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரம். பேழையின் பின்கதவு 15 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் உடையதாயின், 10 மீற்றர் ஆழத்தில் அக்கதவின் மீது 150 கிலோகிராம் பாரம் ஏறி அமர்ந்திருக்கும். இரண்டு ஆட்கள் அதன்மேல் நிற்பதற்கு ஒப்பானது இது. இதில் ஒரு விந்தையும் உண்டு. அந்தப் பாரமே கதவை வளையத்தோடு அழுத்தி இன்னும் இறுக்கமாக மூடிவிடுகின்றது. ஆகவே ஆழம் கூடக் கூடக் காவலும் பலப்படும். வளையத்தில் குறை இருந்தால், அது பெரும்பாலும் முதல் இரண்டொரு மீற்றரிலேயே வெளிப்பட்டுவிடும். ஆழத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். அஞ்ச வேண்டியது கரையோரத்தையே.

நீருக்கடியில் எடுக்கப்பட்ட முதற் புகைப்படமே ஒழுகிய பெட்டியில் பிறந்ததுதான். 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவிலே வில்லியம் தொம்சன் என்பவர், ஒரு பெட்டிக்குள் கமராவை வைத்துப் படகிலிருந்து கீழே இறக்கினார். பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. எனினும் தகட்டிலே மங்கலாக ஓர் உருவம் தங்கியது. 1893-இல் பிரான்சு நாட்டின் பனியூல்ஸ் கடலில் லூயி பூத்தான் என்னும் அறிஞர், முக்குளிப்போரின் உடை தரித்துத் தாமே கீழிறங்கிப் படம் எடுத்தார்.

நம் ஈழத்துக் கடலுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. பூத்தானுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்னரே, ஒஸ்திரியா தேசத்துப் பிரபுவான இயூஜின் வொன் ரன்சொனே என்னும் ஓவியர், ஒரு நீர்மூழ்கு மணிக்கூண்டினுள் அமர்ந்து இலங்கைக் கரையோரக் கடலின் அடியில் இறங்கி, அங்கு கண்டவற்றைச் சித்திரமாகத் தீட்டினார். அச்சித்திரங்கள் 1867-இல் வியன்னாவில் நூலாக வெளிவந்தன. காற்றை உள்ளேயும் நீரை வெளியேயும் நிறுத்தி, நடுவில் ஒரு பலகணி வைத்துப் பார்ப்பது அவர் கையாண்ட முறை. என் சிறு பேழை செய்வதும் அதுவேதான். மனிதன் இருந்த இடத்தில் கமரா இருக்கின்றது, அவ்வளவே.

இவை எல்லாவற்றிலும் தமிழர் நெஞ்சைத் தொடுவது 1956-இல் திருகோணமலையில் நிகழ்ந்தது. பழைய கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளினர். அதன் கற்கள் பல மலையடிவாரத்துக் கடலில் விழுந்தன என்று தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் சொல்லி வந்தனர். பாட்டி கதையென்று அதைத் தள்ளியவர்களும் உண்டு. விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க்குடன் இலங்கைக்கு வந்த மைக் வில்சன் அந்தச் செங்குத்துப் பாறையின் அடியில் மூழ்கியபோது, செதுக்கப்பட்ட தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டார். அவற்றின் படங்கள் 1957-இல் கிளார்க் வெளியிட்ட 'தப்ரபேன் கடற்பாறைகள்' பற்றிய ஆங்கில நூலில் இடம்பெற்றன. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கடல் ஒளித்து வைத்திருந்த சாட்சியம், ஒரு பேழைக்குள் இருந்த கமராவின் வழியாக மன்றுக்கு வந்தது. அந்த வில்சன் பிற்காலத்திலே துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்று பெயர் பெற்றதும் வரலாறு.

நீரின் கீழ் எடுக்கும் படம் பொழுதுபோக்கன்று, சாட்சியம் என்று இன்று நான் எழுதுகின்றேன். இதை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை, கற்பிட்டியிலே கற்றேன்.

2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம். கற்பிட்டிக் குடாநாட்டுக்கு மேற்கே கடலில் நீண்டு கிடக்கும் முருகைக்கற்பார், 1992-இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 'பார்' என்னும் நம் தமிழ்ச் சொல் மன்னார்க் கடலின் முத்துப்பார்களிலும் வழங்குவதை வாசகர் அறிவர். விடியற்காலையில் முதிய படகோட்டி ஒருவரின் வள்ளத்தில் புறப்பட்டேன். கடல் பளிங்குபோல் கிடந்தது. பாரின் மேல் வந்து நங்கூரம் இட்டபோது, பேழையின் பலகணியில் உட்புறமாக மூடுபனி படர்ந்திருக்கக் கண்டேன். முதல்நாள் இரவு ஈரக்காற்று நிறைந்த அறையில் பேழையை மூடியதன் பயன் அது. வெயிலில் சூடேறிய பேழையைக் குளிர்ந்த நீரில் நனைத்ததும், உள்ளே சிறைப்பட்ட ஈரம் கண்ணாடியில் படிந்துவிட்டது. அதைத் துடைப்பதற்காக, வள்ளத்திலேயே, காற்றில், நனைந்த தலையோடு குனிந்து கதவைத் திறந்தேன். துடைத்தேன், மூடினேன், குதித்தேன்.

இரண்டு மீற்றர்கூட இறங்கவில்லை. கதவின் ஓரத்திலிருந்து கோத்த முத்துக்கள் போலக் குமிழிகள் மேலெழுந்தன. ஒரு கரண்டி நீர் உள்ளே தளும்பிற்று. கமராவின் திரை ஒருமுறை பளிச்சென்று ஒளிர்ந்து அணைந்தது. மேலே வந்து பார்த்தபோது, றப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு மயிர் கிடந்தது. என் தலைமயிர்தான்.

கமரா போன துயரத்தோடு வெறும் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு மீண்டும் இறங்கினேன். கீழே மேசை மேசையாக விரிந்து அடுக்கடுக்காய் நின்ற முருகைகள். மான்கொம்பு போல் கிளைத்த முருகைகள். அவற்றின் இடையே கிளி நிறத்து மீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் கூட்டங் கூட்டமாய்த் திரிந்தன. காணக் கண் போதவில்லை. காட்டவோ கருவி இல்லை. வள்ளத்தில் ஏறியதும் என் முகவாட்டத்தைக் கண்ட படகோட்டி ஆறுதல் கூறினார்: "ஏன் தம்பி கவலைப்படுறீங்க? பார் எங்கே ஓடிப் போகப்போகுது? அடுத்த பருவத்துக்கு வாங்க. அங்கேயேதான் கிடக்கும்."

அந்த ஏப்ரல், மே மாதங்களில் கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறியது. முருகையின் உடலுக்குள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு பாகை அளவில் ஏறி, வாரக்கணக்கில் நீடித்தால் போதும். முருகை தன் பாசிகளை வெளியேற்றிவிட்டு எலும்புபோல் வெளிறி நிற்கும். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், தணியாவிடில் மடியும். 1998-இலும் இவ்வாறு வெளிறி மடிந்த கற்பிட்டிப் பார், பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல உயிர் பெற்றிருந்தது. 2016-இல் மறுபடியும் அழிவு நேர்ந்தது.

2017 சனவரியில் புதிய கமராவோடு போனேன். படகோட்டியின் சொல் பொய்க்கவில்லை. பார் அங்கேயேதான் கிடந்தது, உயிர்தான் இல்லை. மேசைகள் நின்றன, சாம்பல் நிறப் பாசி போர்த்துக்கொண்டு. இம்முறை பேழை ஒரு துளியும் ஒழுகவில்லை. எடுத்த படங்களைத் திரையிலே பார்த்த பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "போன வருஷத்துப் படம் ஒண்டும் இல்லையா தம்பி? என்ர பேரனுக்குக் காட்டலாம் எண்டு நினைச்சேன்."

"இல்லை அண்ணே" என்றேன். அவ்விரண்டு சொற்களைச் சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றுதொட்டு நான் கைக்கொள்ளும் ஒழுங்குகளைச் சொல்லுகின்றேன். புதிதாய் இத்துறையில் இறங்குவோர்க்கு உதவும். பேழையை வாங்கியவுடன் கமராவை வைக்காமல், வெள்ளை மென்கடதாசி ஒன்றை மட்டும் உள்ளே வைத்து மூடி, வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்த வேண்டும். கடதாசி நனையவில்லை என்றால் கடலிலும் ஒருமுறை வெறும் பேழையாகவே கொண்டு இறங்குக. பெரிய வளையத்தைக் கூரிய ஊசியால் கிளப்பாமல், பிளாஸ்டிக் அட்டையின் முனையால் எடுத்து நன்னீரில் கழுவி, இரு விரல்களுக்கிடையே ஓட்டிப் பார்க்க வேண்டும். மணல் துகளையும் சிறு வெடிப்பையும் கண் தவறவிடும், விரல் தவறவிடாது. பிறகு சிலிக்கோன் பசையை மினுமினுக்கும் அளவுக்கு மாத்திரம் பூசுக. மிகுதியான பசை நீரைத் தடுக்காது; மணலையே அழைக்கும். இவையெல்லாம் முதல்நாள் இரவே, குளிரூட்டிய உலர்ந்த அறையில், தலையில் துவாய் கட்டிக்கொண்டு செய்ய வேண்டியவை. ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதி ஒன்றையும் உள்ளே வைத்து மூடிவிட்டால், கடற்கரையிலும் வள்ளத்திலும் திறக்க வேண்டிய தேவையே வராது. இறங்கியதும் அரை மீற்றரில் ஒரு நிமிடம் நின்று குமிழி வருகின்றதா என்று பார்க்க. வந்தால், பலகணி கீழ்நோக்க வைத்துக்கொண்டு உடனே மேலேறுக. புகுந்த நீர் முன்பக்கத்தில் தேங்கும். கமராவின் உடல் தப்பக்கூடும். கரையேறிய பின், பேழையை நன்னீரில் ஊறவைத்து ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அழுத்தினால், தண்டுகளில் உப்பு உறையாது.

படம் எடுப்பதற்கும் நீர் தனிச் சட்டம் வைத்திருக்கின்றது. ஒளிமுறிவால் பொருள்கள் யாவும் கால் பங்கு கிட்டத்தில் இருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் தோன்றும். சிவப்பு நிறத்தை நீர் முதலில் விழுங்கிவிடும். ஐந்து மீற்றருக்குக் கீழே செந்நிறம் பெரும்பாலும் சாம்பலாகவே தெரியும். கமராவின் சொந்த மின்னொளியைத் தொலைவிலுள்ள பொருளின்மேல் வீசினாலோ, இடையில் மிதக்கும் தூசிகள் ஒளிர்ந்து பனி பெய்வது போலாகிவிடும். ஆகவே வழி ஒன்றே: கிட்டே செல்லுதல். கை நீட்டினால் எட்டும் தூரத்திலிருந்து எடுப்பதே படம். ஆனால் அந்தக் கை நீளக்கூடாது. முருகையைத் தொடுவதும் அதன்மேல் காலூன்றுவதும், சாட்சியைக் கொன்றுவிட்டுச் சாட்சியம் தேடுவதற்கு ஒப்பாகும்.

மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் தெளியும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் எழுந்துவிட்டால், கல்கிசைக் கடல் கலங்கிப் பொங்கும். ஆகவே நமக்குக் கிடைப்பது ஆறு மாதங்கள். அந்த ஆறிலும் ஒழிந்த நாள்கள் எத்தனை! 2024 ஏப்ரலில், உலகக் கடல்கள் நான்காம் முறையாகப் பெருவெளிறலுக்கு உள்ளாகியிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தனர். 'அடுத்த பருவம்' என்னும் சொல்லை நான் கைவிட்டுவிட்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் கற்பிட்டிக்குச் சென்று, அதே இடத்தில், அதே கோணத்தில் படம் எடுக்கின்றேன். இரண்டு பிரதிகள் அச்சிட்டு, ஒன்றைப் படகோட்டிப் பெரியவரிடம் கொடுக்கின்றேன். அவர் அவற்றைப் பின்புறத்தில் ஆண்டு குறித்துத் தகரப்பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருக்கின்றார். 2019-இல் எடுத்த படத்திலே, இறந்த மேசையொன்றின் விளிம்பில் விரலளவுக் கிளை ஒன்று புதிதாய் முளைத்திருந்தது. அப்பொழுது ஒன்பது வயதிருக்கும் பேரன் அதைத் தன் விரலோடு வைத்து அளந்து பார்த்தான். 2016-ஆம் ஆண்டுக்கு மட்டும் அப்பெட்டியில் படம் இல்லை. அந்த ஆண்டுக்குரிய பொருள் என் மேசை இழுப்பறையில், ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றது: ஒரு பழைய றப்பர் வளையம், அதன் குறுக்கே ஒரு மயிர்.